ஹாம்ட்ராமிக் நகரில் வென்றவர் யார்?

அமெரிக்க நாட்டில் முஸ்லிம்களே ஆளும் நகரம் ஒன்று உண்டு என்னும் செய்தி 2021ஆம் ஆண்டின் இறுதி முதல் நம் இல்லங்களில் உலவி வருகிறது. மேயர் முஸ்லிம், கவுன்சிலர் அறுவரும் முஸ்லிம்கள், வீதியில் பாங்கொலி கேட்கிறது. இதனைச் செவியுற்றோர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று கூறி மகிழ்ந்தனர். அதே செய்தியை அந்நாட்டில் வேறு சிலர் அச்சத்தோடு பரப்பினர். 'இந்நகரத்தைக் கைப்பற்றிக் கொண்டார்கள், அடுத்தது எந்நகரமோ?' என்று புலம்பினர். மகிழ்ந்தவரும் புலம்பியவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றினாலும், இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்தான். எந்தச் சமயத்தார் எத்தனை பேர் என்று தலையை எண்ணுவதே அந்த அளவுகோல். அது பிழையான அளவுகோல் என்பதை அந்நகரின் தேர்தல் வரலாற்றைக் கொண்டே நிறுவ விழைகிறோம்.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் என்னும் பெருநகரால் ஏறத்தாழ முற்றிலும் சூழப்பட்டுக் கிடக்கும் சிற்றூர் ஹாம்ட்ராமிக். அதன் பரப்பு இரண்டு சதுர மைலுக்குச் சற்றே கூடுதல். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 28,433. யமன் நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களே இன்று அங்குப் பெருந்தொகையினர். ஆயினும் நூறாண்டுகளுக்கு முன் அந்நகரின் நிலை வேறு.

அக்காலத்தில் அது ஒரு கிராமம். ஜெர்மானிய வழியினர் கையில் அதன் நிர்வாகம் இருந்தது. டாட்ஜ் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்ததும் போலந்து நாட்டுத் தொழிலாளர் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். 1930ஆம் ஆண்டில் அச்சிற்றூரில் 56,000 பேருக்கு மேல் நெருங்கி வாழ்ந்தனர். வந்தேறிகள் ஊரைக் கைப்பற்றிவிட்டனர் என்னும் முணுமுணுப்பு அன்றும் எழுந்தது. 1922இல் ஹாம்ட்ராமிக் நகரமாயிற்று. முதல் மேயராக வந்தவர் பீட்டர் ஜெசெவ்ஸ்கி என்னும் போலந்து வழியினர். அன்று தொடங்கி 2021 வரை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், மேயர் நாற்காலி போலந்து வழியினரிடமே இருந்தது. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1987இல் அந்நகருக்கு வருகை தந்தபோது அதனைத் தம் இனத்தின் திருநாளாகவே மக்கள் கொண்டாடினர்.

இனத்தால் ஒன்றுபட்டு ஆட்சியைப் பெற்றவர்கள் அதனை எவ்வாறு நடத்தினர்? முதல் மேயராகிய ஜெசெவ்ஸ்கி மதுவிலக்குச் சட்டத்தை மீறிய சதி வழக்கில் சிறை சென்றார். தம்மவர் என்னும் ஒரே தகுதி நேர்மைக்குப் பிணை ஆகாது என்பதை அந்நகர் தன் முதல் மேயரிடமே கற்றுக் கொண்டது. அதனினும் கொடிது பின்னர் நிகழ்ந்தது. நகர்ச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் நகரை விட்டே வெளியேற நேர்ந்தது. பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். அது திட்டமிட்ட வெளியேற்றமே என்று 1971இல் நீதிபதி டேமன் கீத் தீர்ப்பளித்தார். வீட்டை இழந்தவன் அந்நகரில் தன் வாக்கையும் இழந்தான் அன்றோ? எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், எண்ணிக்கையில் குறைந்தவர்களின் எண்ணிக்கையை இன்னும் குறைத்தார்கள். தலைக்கணக்கு அரசியலின் இயல்பான முடிவு இதுவே. இதில் போலந்தியர் என்றும் யமனியர் என்றும் வேறுபாடு இல்லை. இந்நோய் எக்குலத்தையும் பற்றும்.

இனி நம்மவர் வரலாற்றுக்கு வருவோம். 1980இன் தொடக்கத்தில் டாட்ஜ் தொழிற்சாலை மூடப்பட்டது. போலந்து வழியினரில் பலர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். வாடகை குறைந்த அவ்வீடுகளில் யமனியரும் வங்காளிகளும் குடிபுகுந்தனர். அவர்களுள் பலர் சட்டப்படி அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, வாக்காளர் பட்டியலில் பெயரும் பதிந்தனர். 1999 நவம்பர்த் தேர்தலன்று அவர்கள் வாக்களிக்கச் சென்றபோது நிகழ்ந்தது என்ன? 'மேலான ஹாம்ட்ராமிக்கை நாடும் குடிமக்கள்' என்று பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்ட ஒரு குழுவினர் வாக்குச் சாவடிகளில் நின்றனர். நிறம் கறுத்தவர், அரபுப் பெயர் கொண்டவர் என நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டிக்காட்டி, இவர் குடிமகன்தானா என்று ஐயம் எழுப்பினர். தேர்தல் அலுவலர்களும் அதற்கு இணங்கினர். நான் இந்நாட்டுக் குடிமகனே என்று சத்தியம் செய்த பின்னரே அவர்கள் வாக்களிக்க இயன்றது. பாஸ்போர்ட்டைக் காட்டியவருக்கும் சத்தியத்திலிருந்து விடுதலை இல்லை. வெள்ளை நிறத்தாரை எவரும் சத்தியம் செய்யுமாறு கேட்கவில்லை.

மத்திய அரசின் நீதித்துறை நகராட்சி மீது வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டில் நகராட்சி உடன்பாட்டுக்கு வந்தது. அலுவலர்களுக்குப் பயிற்சி, வாக்குச் சாவடிகளில் அரபு, வங்காளச் சமுதாயத்தாரையும் பணிக்கமர்த்தல், மத்திய அரசின் கண்காணிப்பு ஆகிய ஏற்பாடுகள் வந்தன. பின்னர் 2011இல், வாக்குரிமைச் சட்டத்தின் மொழிப் பிரிவின்கீழ் வங்க மொழியிலும் தேர்தல் உதவி தரவேண்டிய நகரமாக ஹாம்ட்ராமிக் அறிவிக்கப்பட்டது. பலமும் பட்டாளமும் இல்லாத நாற்பது ஏழைத் தொழிலாளிகளுக்காக ஓர் அரசு தன் நகராட்சியையே நீதிமன்றத்துக்கு இழுத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒருவனுடைய வாக்கு அத்துணை மதிப்புடையது என்பதை அவ்வழக்கு உலகுக்குக் காட்டிற்று.

அடுத்து 2004. வங்காளிகளின் அல்இஸ்லாஹ் பள்ளிவாசல், ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி வேண்டிற்று. முந்திய ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷஹாப் அஹ்மத் ஒருவரே அப்போது கவுன்சிலில் இருந்த முஸ்லிம். அந்நகரின் முதல் முஸ்லிம் கவுன்சிலரும் அவரே. ஆயினும் கவுன்சில் ஒருமனதாக இசைந்தது. காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இடையே பாங்கொலிக்கலாம் என விதி வகுத்தது. எதிர்ப்பாளர்கள் கையொப்பம் திரட்டி, இவ்விதியை மக்கள் வாக்குக்கு விடச் செய்தனர். ஜூலைத் திங்களில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. விதி நிலைக்க வேண்டும் என்றோர் 1,462 பேர். நீங்க வேண்டும் என்றோர் 1,200 பேர். வேறுபாடு 262 வாக்குகள்.

இந்த 262ஐ நாம் ஊன்றி நோக்க வேண்டும். அன்று முஸ்லிம்கள் அந்நகர வாக்காளரில் பெரும்பான்மையர் அல்லர். கவுன்சில் தலைவராக இருந்து அவ்விதிக்குத் துணை நின்றவர் போலந்து வழியில் வந்த கேரன் மஜெவ்ஸ்கி அம்மையார். பாங்கைத் தம் செவியால் கேட்டுத் தொழுகைக்குப் புறப்படும் தேவை அறவே இல்லாத அயலார் பலர், அண்டை வீட்டானுக்கு அவ்வுரிமை உண்டு என்று வாக்களித்தனர். இன்று அந்நகரில் கேட்கும் பாங்கொலியை 'நம் ஆட்சியின் அடையாளம்' என்று பெருமை பேசுவோர் இதனை அறிவார்களா? பாங்கொலிக்கு வழி திறந்தது நம் தலைக்கணக்கு அன்று. அயலாரின் நியாய உணர்வு. ஆட்சி கைக்கு வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே பாங்கு வந்துவிட்டது.

அதன்பின் 2015இல் கவுன்சிலர் அறுவரில் நால்வர் முஸ்லிம்களாயினர். அமெரிக்காவில் முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட முதல் நகரக் கவுன்சில் என்று ஏடுகள் எழுதின. 2021இல் யமனில் பிறந்தவராகிய ஆமிர் காலிப், பதினைந்தாண்டுகளுக்கு மேலாக மேயராக விளங்கிய மஜெவ்ஸ்கி அம்மையாரைப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். கவுன்சிலும் முழுக்க முஸ்லிம்களுடையதாயிற்று. அவர்களுள் ஒருவர் போலந்து வழியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய பெண்மணி என்பதைத் தலை எண்ணுவோர் எந்தக் கணக்கில் எழுதுவர்?

சமயம் ஒன்றாயின் வாக்கும் ஒன்றாகும் என்னும் நம்பிக்கையை 2024ஆம் ஆண்டு சிதறடித்தது. 2020இல் அந்நகர வாக்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 ஜோ பைடனுக்கு விழுந்தவை. காஸாவின் துயரம் அவ்வுள்ளங்களைப் புரட்டிற்று. 2024 பிப்ரவரியில் நடந்த கட்சித் தேர்வில் பெரும்பான்மையோர் பைடனுக்கு வாக்களிக்காமல் 'எவருக்கும் உறுதியில்லை' என்னும் கட்டத்தில் குறியிட்டனர். செப்டம்பரில் மேயர் காலிப் டிரம்புக்கு ஆதரவு அறிவித்தார். கவுன்சிலர் எல்லாரும் அவரைப் பின்பற்றினாரில்லை. நவம்பரில் கமலா ஹாரிஸுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 46, டிரம்புக்கு 43, ஜில் ஸ்டைனுக்கு 9 என வாக்குகள் சிதறின. ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள் வாக்குச் சாவடியில் மூன்று வழியாகப் பிரிந்தனர்.

இதனைக் கண்டு 'ஒற்றுமை குலைந்தது' என்று நம்மில் சிலர் வருந்துகின்றனர். நாம் வருந்தவில்லை. காஸாவுக்காக அழுத மூவரும் உண்மையாகவே அழுதனர். துயரை நிறுத்தும் வழி எது என்பதில்தான் மூவரும் வேறுபட்டனர். தொழுகையில் இமாம் ஒருவர்; அவர் ருகூவு செய்தால் நாமும் ருகூவு செய்கிறோம். நகராட்சித் தேர்தலில் அத்தகைய இமாம் எவரும் இலர். குழாய் நீரும் குப்பை வண்டியும் வரி விகிதமும் இஜ்திஹாதுக்குரிய உலகியல் காரியங்கள். அவற்றில் அறிவுடையோர் வேறுபடுவது இயல்பு. வேறுபடாமல் இருப்பதே ஐயத்துக்குரியது.

நாம் உண்மையில் வருந்த வேண்டிய இடம் வேறொன்று உண்டு. 2025 நவம்பரில் மேயர் தேர்தல் நடந்தது. முதல் எண்ணிக்கையின்படி ஆதம் அல்ஹர்பி என்பவர் பெற்றவை 2,009 வாக்குகள். முஹீத் மஹ்மூத் என்பவர் பெற்றவை 1,998. இருவரையும் கூட்டினால் 4,007. இருபத்தெட்டாயிரம் பேர் வாழும் நகரில் முதன்மையான இரு வேட்பாளருக்கும் விழுந்தவை இவ்வளவே! சிறுவரையும் குடியுரிமை பெறாதோரையும் கழித்து நோக்கினும், வீட்டிலேயே தங்கியவர் தொகை பெரிது. 2004இல் பாங்குக்காக நடந்த வாக்கெடுப்பிலும் இருதரப்புமாகச் சேர்ந்து வந்தவர் 2,662 பேர்தாம். ஊரே கொந்தளித்ததாக உலகப் பத்திரிகைகள் எழுதிய நாளிலும் ஊரில் பெரும்பாலோர் வாக்குச் சாவடியை எட்டிப் பார்க்கவில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. அந்நாட்டில் தேர்தல் செவ்வாய்க்கிழமையில் நடைபெறுகிறது. வயல்வேலையும் குதிரை வண்டியும் மிகுந்த காலத்தில், 1845இல் வகுத்த வழக்கு அது. மிச்சிகன் நகராட்சிகள் பலவற்றைப் போலவே ஹாம்ட்ராமிக்கும் தன் தேர்தலை ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஒற்றைப்படை ஆண்டில் நடத்துகிறது. வேட்பாளரைக் குறைக்கும் முதற்சுற்றோ ஆகஸ்ட் மாதக் கோடையில் நிகழ்கிறது. நகராட்சி வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருப்பதில்லை. வேட்பாளர் பெயர் மட்டுமே இருக்கும். கட்சியைப் பார்த்துக் குறியிடப் பழகியவன் யாருக்கு இடுவதென்று திகைக்கிறான். ஜனாதிபதி யார் என்பதில் ஊரே துடிக்கிறது. தன் வாசலில் ஓடும் சாக்கடையைச் சீர்செய்பவர் யார் என்பதில் உறங்குகிறது.

ஆயினும் இக்காரணங்களை மட்டும் காட்டி நாம் தப்பிக்க இயலாது. 2018இல் மிச்சிகன் மக்கள் தம் அரசமைப்பைத் திருத்தினர். தேர்தல் நாளிலும் பெயர் பதியலாம். காரணம் கூறாமலே தபால் வாக்குச்சீட்டுப் பெறலாம் என்னும் உரிமைகள் கிட்டின. 2022இல் மீண்டும் திருத்தி, மாநிலத் தேர்தல்களுக்கு ஒன்பது நாள் முன்வாக்களிப்பும் பெற்றனர். வீட்டில் அமர்ந்தே வாக்களிக்கும் வசதி வந்துவிட்டது. வந்த வசதியை நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் மிகக் கசப்பான செய்தியைச் சொல்ல வேண்டியுள்ளது. தபால் வாக்குச்சீட்டு ஒருவரின் வீட்டுக்கே வருகிறது. அதனைக் குடும்பத்தாரும் உடன் வசிப்போரும் அன்றிப் பிறர் வாங்கிச் சென்று சேர்ப்பதை மிச்சிகன் சட்டம் தடுக்கிறது. 2013இல் இத்தகைய சீட்டுகளைக் கையாண்டதாக அந்நகரில் நால்வர் மீது வழக்குப் பதிவாயிற்று. 2025 ஆகஸ்டில் பதவியிலிருந்த கவுன்சிலர் இருவர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. 2023 தேர்தலில், புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களிடம் கையொப்பம் மட்டும் இட்ட வெற்றுச் சீட்டுகளைப் பெற்று, தமக்கு வேண்டியவர் பெயருக்கு நேரே குறியிடச் சதி செய்தனர் என்பதே குற்றச்சாட்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் குற்றவாளி அல்லர். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சாட்டப்பட்ட செயலின் தன்மையை எடைபோட நமக்கு உரிமை உண்டு.

வாசக அன்பர்களே, 1999ஐ மீண்டும் நினைவுகூருங்கள். புதிதாகக் குடியுரிமை பெற்றவனை அன்று அயலான் வழிமறித்து, நீ குடிமகன்தானா என்று கேட்டான். அவ்வநீதியைத் துடைக்க ஓர் அரசே வழக்காடிற்று. அதே புதிய குடிமகனின் வாசலுக்குத் தன் மொழி பேசும், தன் பள்ளிவாசலில் தொழும் ஒருவர் வந்து, 'அண்ணே, நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்' என்று கேட்பாராயின், அதனை அவன் கொடுமை என்றே உணர மாட்டான். உதவி என்று எண்ணித் தேநீரும் கொடுத்து அனுப்புவான். முதலாவது திருட்டில் பறிகொடுத்தவன் கூக்குரலிட்டான். இரண்டாவதில் நன்றி கூறுகிறான். எது பெரிய திருட்டு?

மார்க்கக் கல்வி கற்றோர் இதனைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளனர். தேவ்பந்த் வழிவந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் வாக்குக்கு மூன்று நிலைகள் உண்டு என்று விளக்கினார்கள். அது ஷஹாதத், இவர் இப்பொறுப்புக்குத் தகுதியுடையவர் என்று கூறும் சாட்சியம். அது ஷஃபாஅத், ஒருவருக்காகச் செய்யும் பரிந்துரை. அது வகாலத், நம் சார்பில் செயற்பட ஒருவரை நியமித்தல். இம்மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக் கொள்வோம். காஜியின் முன் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவன், வெற்றுத் தாளில் கையொப்பமிட்டு, 'என் சாட்சியத்தை இவர் எழுதிக் கொள்வார்' என்றால் அச்சாட்சியம் செல்லுமா? கண்டதை மறைத்து வீட்டிலேயே உறங்குபவன் பாவி என்று ஓதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அங்ஙனமாயின் வாக்களிக்காமல் உறங்குவதும், வாக்கைப் பிறர் கையில் எழுதக் கொடுப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களே.

'இவையெல்லாம் நூலறிவு. சிறுபான்மையாக வாழும் சமுதாயம் கட்டுக்கோப்பாக ஒரே பக்கம் வாக்களித்தால்தானே மதிப்பு உண்டு?' என்று சிலர் வினவுவர். அவ்வாதத்தில் சிறிது உண்மை இருப்பதை மறுக்கவில்லை. கூடிப் பேசி, நியாயங்களை அலசி, மனம் ஒப்பி ஒரே பக்கம் செல்வது மஷ்வரா, அது வரவேற்கத்தக்கது. பேசாமல், அலசாமல், பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக முந்நூறு சீட்டுகள் ஒரே பேனாவால் நிரம்புமாயின் அது மந்தை. மந்தைக்கு மதிப்பு இல்லை. விலை மட்டுமே உண்டு. அவ்விலை மேய்ப்பவனின் பைக்குச் செல்லும். ஆட்டின் வயிற்றுக்கு வருவதில்லை.

இன்னொன்றும் கூறுவோம். கட்டுக்கோப்பு என்னும் சொல் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சீட்டில்தான் முதலில் பிரயோகமாகிறது. குடும்பத் தலைவர் மேசை முன் அமர்ந்து, மனைவி சீட்டு, மகள் சீட்டு, மருமகள் சீட்டு என வரிசையாகக் குறியிட்டு முடிப்பது எந்த ஷரீஅத்தில் உள்ளது? பெண்ணின் சொத்தில் அவள் அனுமதியின்றிக் கணவனும் கைவைக்கலாகாது என்று பெருமையோடு மேடைகளில் முழங்குகிறோம். அவளுடைய சாட்சியம் அச்சொத்தினும் தாழ்ந்ததா? நம் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். அவர்களுக்குத் தொலைபேசியில் பேசும் தாய்மார்கள், 'தொழுதாயா? நோன்பு பிடித்தாயா?' என்று கேட்பதோடு, 'உன் ஊர்த் தேர்தலில் வாக்களித்தாயா? உன் கையாலேயே அளித்தாயா?' என்றும் கேட்பார்களாயின், அது வெறும் உலகப் பேச்சு ஆகாது. அமானிதத்தைப் பற்றிய விசாரணையே ஆகும்.

ஹாம்ட்ராமிக்கில் வென்றவர் யார் என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஜெர்மானியரை வென்ற போலந்தியரும், போலந்தியரை வென்ற முஸ்லிம்களும் வரலாற்றில் ஒரே இருக்கையில் மாறி மாறி அமர்ந்தோரே. மெய்யான வெற்றி அங்கே இருமுறை நிகழ்ந்தது. 1999இல் அவமதிப்பைப் பொறுத்துச் சத்தியம் செய்தும் வாக்களிக்காமல் திரும்ப மாட்டோம் என்று நின்றார்களே, அவர்கள் வென்றார்கள். 2004இல் தனக்குப் பயனில்லாத ஓர் உரிமையை அண்டை வீட்டானுக்காக வாக்களித்துக் காத்தார்களே, அவர்கள் வென்றார்கள். அவ்விரு சாராரும் செய்தது ஒன்றே: தம் சாட்சியத்தைத் தாமே சொன்னார்கள்.

2025இன் கணக்கில் நாம் சொல்லாது விட்ட எண் ஒன்று உண்டு. முதல் எண்ணிக்கையில் வேட்பாளர் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 11 வாக்குகள். தேர்தல் முடிந்தபின் நகர அலுவலகத்தில் எண்ணப்படாமல் கிடந்ததாகக் கண்டறியப்பட்ட தபால் வாக்குச்சீட்டுகள் 37. அவற்றை எண்ணுவதா கூடாதா என்று வழக்காடல் மூண்டது. அந்த 37 சீட்டுகளுக்காக ஊரே கொதித்தது முறைதான். ஆனால் உறையிலிருந்து வெளிவராத 37 சாட்சியங்களுக்காகக் கொதிப்பவர்கள், வீட்டிலிருந்தே வெளிவராத ஆயிரக்கணக்கான சாட்சியங்களுக்காக என்று கொதிக்கப் போகிறார்கள்?